ஆனைக்கற்றாழை

1961, வைகாசி, செவ்வாய்க்கிழமை.

உப்பளத்து வெயிலில் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து நடந்து என் இரண்டு கன்னமும் வெந்து சிவந்துவிட்டன. இந்த வீட்டில் யார் கண்ணிலும் அது படவில்லை என்று காலையில்கூட மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் இவர் துறைமுகத்திலிருந்து வரும்போது கையில் முள் வைத்த ஒரு பச்சை மடல்.

"ஏளா, இங்கன உக்காரு. கத்தாழ கொண்டாந்திருக்கேன். தடவுனா குளுந்துரும்."

தண்டவாள ஓரத்து வேலியில் வெட்டினாராம். நான் என்னவென்று பார்ப்பதற்குள் சாற்றைப் பிழிந்து வலது கன்னத்தில் தடவிவிட்டார். பற்றிக்கொண்டு எரிந்தது. குளிர்ச்சி தருவது சோற்றுக்கற்றாழை. வேலியில் நிற்பது நார் உரிக்கிற ஆனைக்கற்றாழை. அதன் சாறு பட்டால் தோல் அரித்துத் தடித்துவிடும். இந்த மனுஷனுக்கு எல்லாம் ஒரே கற்றாழைதான்!

திட்ட வாயெடுத்தேன். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் விரல் என் முகத்தில் இவ்வளவு மெதுவாகப் பட்டதில்லை.

"எரியுதா?"

"இல்ல, குளுமையாத்தான் இருக்கு."

கொல்லைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"நாளைக்கு அந்தக் கன்னத்துக்கும் வெட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறார்.

இது அந்தக் கற்றாழை இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். நாளைச் சாயங்காலம், தடவி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.