பெல் அடித்து வரும் வீட்டுக்காரி

தோஹா, 4 மே 2025

அன்புள்ள பானு,

துபாய் ஜடாஃபில் உங்கள் கட்டிடத்தை வெளிநாட்டவரும் வாங்கலாம் என்று மாற்றி, வீடு வீடாக விற்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்? நீ குடியிருக்கும் 604-ஆம் எண் வீட்டை நாங்கள் வாங்கிவிட்டோம். போனில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் என்னவர் ரவிசங்கருக்கு வேலை முடிகிறது, அங்கேயே குடிவரப் போகிறோம். உன் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறதல்லவா, அதற்குள் காலி செய்து கொடுப்பாயா? நமக்குள் நோட்டீஸ் எல்லாம் எதற்கு? கோபித்துக்கொள்ளாதே.

தாமரை

துபாய், 19 மே 2025

தாமரை,

உன் ஈமெயிலைப் படித்த அன்றே அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். ஏழு பெட்டி கட்டியாயிற்று. இந்த ஊரில் யாராவது போ என்றால் போய்விட வேண்டும் என்றே பதினாறு வருடமாக நினைத்திருக்கிறேன். விசாவும் அப்படி, வேலையும் அப்படி. மகள் மஹதிக்கு வரும் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்பதைக்கூட உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

வேறு வீட்டுக்கு ஒப்பந்தம் எழுத, அரசாங்கத் தாள்களை டைப் செய்து தரும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே டைப் செய்யும் சித்தீக் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய வீட்டு நோட்டீஸ் எங்கம்மா?"

"ஈமெயில் வந்திருக்கு பாய். வாங்குனது என் ஃப்ரெண்டுதான்."

"ஃப்ரெண்டு ஈமெயில்ல பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம். காலி பண்ணச் சொல்லணும்னா நோட்டரி வழியா, இல்ல பதிவுத் தபால்ல, பன்னெண்டு மாசம் முன்னாடி வரணும். வீடு கை மாறுனாலும் உங்க ஒப்பந்தம் அப்படியே நிக்கும், ஜூன்ல தானா புதுசாகும். போய் பெட்டியப் பிரிங்க."

சட்டத்தை எடுத்துக் காட்டினார். அது என் ஊரைக் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. வாடகைதாரர் என்று மட்டும் இருந்தது. அது நான். நான் இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே யாரோ எனக்காக எழுதி வைத்திருக்கிறார்கள், தாமரை. அங்கேயே உட்கார்ந்து அதை இன்னொரு முறை படித்தேன்.

பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். நான் போகப்போவதில்லை. உனக்கு இப்படி எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

பானுமதி

ஷார்ஜா, 20 ஜூன் 2025

பானு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. முதலில் கோபம். "ஹாஸ்டல்ல என் தட்டுல சாப்பிட்டவ, இப்ப எனக்கே சட்டம் பேசுறா" என்று ரவியிடம் புலம்பினேன். பிறகு தோஹாவை விட்டு, துபாய்க்குப் பக்கத்தில் இங்கே வந்து ஒற்றை அறை ஒன்று வாடகைக்கு எடுத்தோம். கையெழுத்துப் போடும்போது, "நீங்க வித்துட்டா எங்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் உன் கடிதம் புரிந்தது.

நோட்டரி நோட்டீஸ் உனக்கு வரும், இத்துடன் நகல். உன் சித்தீக் பாய்தான் டைப் செய்தார். உன் பெயருக்கு நேராக வாடகைதாரர், என் பெயருக்கு நேராக உரிமையாளர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஜூன் முடியும்வரை, என் வீட்டுக்குள் நீ கூப்பிடாமல் நான் கால் வைக்க முடியாது. ஒரு தாளுக்கு இவ்வளவு பலமா? மஹதி நிம்மதியாகப் படிக்கட்டும்.

விற்றவர் கொடுத்த சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. நாளை சாயங்காலம் வந்து பெல் அடிப்பேன். திறப்பாயா?

தாமரை