குடும்பப் பெயர் இல்லாதவளின் வீடு

செவ்வாய், ஜூலை 1986

எனக்கு மூளை கலங்கிவிட்டதென்று மாடிவீட்டார் சொல்லித் திரிகிறார்கள். கலங்கவில்லை. அலிப்பூர் வீட்டுவசதி அலுவலகத்தில் நான் கத்தவும் இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்டேன், அவ்வளவுதான்.

அங்கே கம்ப்யூட்டரில் புரோகிராமின் பெயரைத் தட்டி, அதே வரியில் குடியிருப்பவரின் பெயர், குடும்பப் பெயர், வீட்டு எண் என்று வரிசையாகத் தட்டுகிறார்கள். என்ன சொல் என்று அது பார்ப்பதில்லை. எத்தனையாவது சொல் என்றுதான் பார்க்கிறது. நான் வெறும் சொர்ணாம்பாள். அதனால் என் வீட்டு எண் குடும்பப் பெயராகிவிட்டது. வீட்டு எண்ணுக்கான இடம் காலி. ஆகவே இந்த டாலிகஞ்ச் வீட்டில் யாருமே இல்லையாம். திங்களன்று வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

"ஐயர்னு போட்டுடட்டுமா, மாஷிமா? மதராஸிங்க எல்லாரும் அதானே?" என்றாள், தட்டும் பெண். இங்கே வயதானவளை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னுது இல்லாத பேர்ல எனக்கு வீடு வேண்டாம்மா."

சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்துக் காட்டினேன். இல்லாத சொல்லின் இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகளை, நடுவில் ஒன்றுமில்லாமல், தட்டினால் போதும்.

"காலியா விடணும்னா சாகேப் எழுதிக் கொடுக்கணும், மாஷிமா."

சாகேப், அவளுடைய மேலதிகாரி, பக்கத்து மேசையிலிருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஐயர் என்றே போடச் சொல்லியிருக்கலாமோ? என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இந்த இரண்டு அறைகள்தான். எங்கே போவேன்? நாளை சாகேபிடம் கொடுக்க வேண்டியதை இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தைக் காலியாக விட அனுமதியுங்கள். முடியாதென்றால், அதையும் எழுத்திலேயே தாருங்கள்.