‘பை மீ’ சேர்த்துக்கோ

நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு இன்று வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு. நேற்றுச் சொல்லிக்கொடுத்த மகள், "இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்திருந்தாள். காலையில் அம்மா குளிக்கும்போது, வேலைக்குக் கிளம்பிய மகள் சீட்டெழுதினாள்:

"அம்மா, முட்டை அவிச்சிருக்கேன், வெறும் வயித்தோட போகாதே. சாவி ஜன்னல்ல.

‘வாட் ஐ செட் வாஸ் ராங்.’ நான் சொன்னது தப்புன்னு அர்த்தம். இதுல ‘வாட் ஐ செட்’ மூணும் சேர்ந்து ஒரே பெயர்ச்சொல் மாதிரி நிக்கும்.

‘யூ வேர் ஸ்கோல்டட்’ (நீ திட்டப்பட்டாய்) செயப்பாட்டுவினை. திட்டினது யாருன்னு சொல்லாமலே நழுவிடலாம்."

வாசல்வரை போனவள் திரும்பிவந்து, ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: "கடைசியில ‘பை மீ’ சேர்த்துக்கோ. நான்தானே திட்டினேன்."

சாயங்காலம் வந்து பார்த்தால், அடியில் அம்மாவின் கையெழுத்து:

"பாஸாவேனான்னு தெரியல. ஆனா, ‘யூ ஆர் ஃபர்கிவன்’, மன்னிச்சாச்சு. யாராலன்னு சொல்லமாட்டேன், போடி."