படுக்கையறைக் கதவு

விடிய விடிய மூச்சிழுத்த மனைவி விமலகுமாரி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது சுந்தரதாஸுக்கு. எழுப்ப மனமில்லாமல், பூனையைக் கூடையில் அடைத்துவிட்டுச் சீட்டு எழுதினார்.

“விமலா, கஞ்சியும் பயறும் அடுப்படியில மூடி வச்சிருக்கு. இன்ஹேலர் தலகாணிக்க கிட்ட உண்டு. விரிப்பெல்லாம் சுடுவெள்ளத்துல முக்கியிருக்கேன். நீ தொடண்டாம், நான் வந்து அலசுறேன். பூச்சைய காரோடு ஊருல உள்ள அக்கா வீட்டுல கொண்டு விடப் போறேன்.”

மூடிய பேனாவை மறுபடி திறந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினார்.

“பூச்சைய படுக்கிற முறிக்குள்ள விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன பெறவும், ராத்திரி மழையில கதவத் திறந்து விட்டது நானாக்கும். நீ கேட்டப்போ இல்லன்னு சொன்னேன்.”

பூனைக்கூடையோடு பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. விமலகுமாரியின் குரல் கம்மியிருந்தது.

“சீட்டு வாசிச்சேன். பூச்சைய திரும்பக் கொண்டு வாருங்க.”

“உனக்கு இழுக்குமே, விமலா.”

“கதவத் திறந்தது அது இல்லியே. அது வராந்தாவுல கெடக்கட்டும். இனி மழை பெய்தா, நிங்களும் கூடப் போய்க் கெடங்க.”

சுந்தரதாஸ் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.