ரோவீனாவுக்காக நான் போட்ட வாக்கு

ஏப்ரல் 14, திங்கள்

உள்ளாட்சித் தேர்தலுக்காக எங்கள் மஞ்சள் கட்சியின் துண்டறிக்கைக்குப் பட்டை வரைபடம் போட்டுக் கொடுத்தேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் ஓய்வுபெற்ற பிறகு செய்யும் பொதுச் சேவை. நீலக் கட்சிக்கு நெடிய பட்டை. எங்கள் மஞ்சளுக்கு அதைவிடச் சற்றே குட்டையான பட்டை. ஓரத்தில், சுயேச்சையாக நிற்கும் டிலிஸுக்கு, தீப்பெட்டியைப் படுக்கவைத்த மாதிரி ஒன்று. கீழே தடித்த எழுத்தில்: ‘இங்கே நீலத்தை வெல்ல மஞ்சளால் மட்டுமே முடியும்.’

டிலிஸ் இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அவள் பட்டையின் உயரத்துக்கு எங்கே போவது? போன தடவை நின்ற சுயேச்சையின் எண்ணை எடுத்துப் போட்டேன். அவர் தேரைகள் சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை வேண்டும் என்று நின்றவர். தேரை வேடத்திலேயே வீடு வீடாகப் போனார்.

கிளைச் செயலாளர் ட்ரெவர் படத்தைப் பார்த்தார். “மஞ்சளை இன்னும் கொஞ்சம் தூக்கக் கூடாதா?”

“அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, ட்ரெவர்.”

“இருக்கட்டுமே. எல்லாப் பட்டைக்கும் அது ஒண்ணாவே இருக்கணும்னு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா?”

போடவில்லை. தூக்கினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

என் மனைவி ரோவீனா ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவான ஷெட்லாண்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அண்ணன் மாக்னஸுக்குக் கால் முறிந்துவிட்டது. ஆடுகள் குட்டி போடும் பருவம். தள்ளிப்போட ஆடுகள் சம்மதிக்கவில்லை. மே முதல் தேதி தேர்தலுக்கு அவள் இங்கே இருக்க மாட்டாள். அவளுக்குப் பதிலாக வாக்களிக்க என்னை நியமித்திருக்கிறாள்.

ரயில் நிலையத்தில் கடைசியாகச் சொன்னது: “டிலிஸ் பேருக்கு எதிர்ல ஒரு பெருக்கல் குறி. பெருசா. அவ்வளவுதான் வேலை. நடுவுல நீ யோசிக்க வேண்டாம்.”

டிலிஸும் அவளும் இருபது வருடமாகத் தினமும் காலையில் ஊர்த் திறந்தவெளிக் குளத்தில் நீந்துகிறார்கள். ஜனவரியிலும். அந்தக் குளத்தை மூடி, இடத்தை விற்றுவிடலாம் என்பது நீலத்தின் கொள்கை. ஆய்வுக் குழு அமைக்கலாம் என்பது எங்கள் கொள்கை. மூடக் கூடாது என்று டிலிஸ் தனியாக நிற்கிறாள். கொள்கை என்று அவள் அதைச் சொல்வதில்லை.

ஏப்ரல் 23, புதன்

நூலகக் கூடத்தில் தேர்தல் முறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசினேன். பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் கதகதப்பாக இருக்கும் என்று உள்ளே வந்தவர். முந்தியவனுக்கே எல்லாம் என்கிற நம் முறையில், தோற்றவருக்குப் போட்ட வாக்குகள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன என்றேன். முடிக்கும்போது, “ஒரு வாக்கு, அதன் சொந்தக்காரர் அனுப்பிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், ஜனநாயகம் என்பது அவ்வளவுதான்,” என்றேன். கைதட்டினார்கள். நானே கொஞ்சம் உருகிப்போனேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ரோவீனா பேசினாள். ஸ்காட்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுகிறார்களாம். இருபது வருடமாக நான் பேசிவருவதை, அவள் அண்ணன் ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டானாம்: “மொதல்ல புடிச்ச ஆளு. ரெண்டாவது, சகிச்சுக்கக்கூடிய ஆளு. இதுல என்ன கஷ்டம்?”

பிறகு, “டிலிஸ் எப்படி இருக்கா? ஜெயிப்பாளா?” என்றாள்.

“வாய்ப்பில்லை.”

“நீ வரைஞ்ச படத்துல வாய்ப்பில்லையா, இல்ல நிஜமாவே இல்லையா?”

இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

மே 1, வியாழன்

எழுதத் தயக்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வாக்குச்சாவடி தேவாலயக் கூடத்தில். வாசலில் நீல ரிப்பன்காரரும் மஞ்சள் ரிப்பன்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். வேலிக் கம்பியில் நாய்கள். டிலிஸ் ஃப்ளாஸ்க்கோடு நின்றாள். தலைமயிர் இன்னும் ஈரம். நீந்திவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

“என்னப்பா ஹம்ஃப்ரி, உன் ஓட்டு எனக்கு வராதுன்னு தெரியும். அவ ஓட்டையாவது கொண்டுவந்தியா?”

“கொண்டுவந்திருக்கேன்.”

“பத்திரமா கொண்டு போய் போடு. வழியில தின்னுடாதே.”

சிரித்தோம்.

உள்ளே இரண்டு சீட்டு கொடுத்தார்கள். என்னுடையதை மஞ்சளுக்குப் போட்டேன். அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். இன்னொரு சீட்டில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். ஆனால் நான் யோசித்தேன். டிலிஸ் ஜெயிக்கப் போவதில்லை, படமே சொல்கிறது. அவளுக்குப் போட்டால் ரோவீனாவின் வாக்கு வீண். நீலம் ஜெயித்தால் குளம் போகும். மஞ்சள் ஜெயித்தால் ஆய்வுக் குழுவாவது வரும். ரோவீனா உண்மையில் விரும்புவது டிலிஸை அல்ல, குளத்தை. ஆகவே ரோவீனா உண்மையில் விரும்புவது மஞ்சளை. அது அவளுக்கே இன்னும் தெரியவில்லை, பாவம்.

ஒரு சர்வாதிகாரி உருவாவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். வாக்குச்சாவடி மேசையில் நூலில் கட்டிவைத்திருந்த பென்சில் போதுமானதாக இருந்தது.

தொலைபேசியில் கேட்டாள். “போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“பெருசா?”

“பெருசா.”

குறி பெரிதாகத்தான் இருந்தது.

மே 2, வெள்ளி

பழைய தானியச் சந்தைக் கூடத்தில் எண்ணிக்கை. மூன்று முறை எண்ணினார்கள்.

நீலம் முதலிடம். டிலிஸ் இரண்டாவது. வித்தியாசம் ஒரு வாக்கு. மஞ்சள் எங்கேயோ பின்னால், மூன்றாவது. அந்த உயரத்தில் நான் வரைந்த ஒரே பட்டை, தேரைக்காரரின் எண்ணை வைத்து டிலிஸுக்குப் போட்டது.

ட்ரெவர் என் தோளைத் தட்டினார். “மூணாவதும் ஒரு இடந்தானே, ஹம்ஃப்ரி.”

டிலிஸ் நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணுப்பா. ரோவீனாகிட்ட சொல்லு, அவ ஓட்டு மட்டும் இல்லேன்னா ரெண்டுல தோத்திருப்பேன்னு.”

தலையாட்டினேன். தலையாட்டுவதைப் பொய் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. வாக்கு இரகசியமானது, நான் செய்தது யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்த இரகசியத்தின் புனிதம் பற்றியும் ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறேன்.

மே 3, சனி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோவீனாவின் வாக்கு சரியாகப் போயிருந்தால் சமநிலை. சமநிலை என்றால் அதிகாரி சீட்டுக் குலுக்குவார். ஆகவே நான் திருடியது முழு வெற்றியை அல்ல, பாதி வெற்றியை. பாதிக் குற்றம். இந்த முடிவு எனக்கு ஒரு மணி நேரம் ஆறுதலாக இருந்தது. ஏன்டா, இதையெல்லாமா உக்காந்து கணக்குப் போடுவே?

மே 9, வெள்ளி

ஊர் முழுக்க யாரைப் பார்த்தாலும் முகம் தொங்கியிருக்கிறது. கறிக்கடைக்காரர் வாக்களிக்க மறந்துவிட்டாராம். ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டே அதைச் சொன்னார், கண் கலங்கியிருந்தது. பாதிரியார் பல் மருத்துவரிடம் போய்விட்டாராம். கால்நடை மருத்துவர், சாவடி மூடிய பிறகு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் தான்தான் அந்த ஒரு வாக்கு என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவரும் நினைப்பது சரி. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருக்கிறது.

மே 24, சனி

ரோவீனா வந்துவிட்டாள். ரொட்டிக் கடையில் எல்லோரிடமும் சொல்கிறாள்: “நாப்பது வருஷமா ஓட்டு போடறேன், நான் போட்டு எதுவுமே நடந்ததில்ல. இந்தத் தடவைதான் என் ஓட்டு கணக்குல வந்துச்சு.”

நான் பக்கத்தில் நின்று ரொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன்.

தோட்டத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. ஆய்வுக் குழுவைப் பற்றி ஏதோ சொன்னேன் போலிருக்கிறது. பாதிக் குற்றக் கணக்கையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு கூடை முடியும்வரை உரித்தாள். பிறகுதான் பேசினாள்.

“கல்யாணம் ஆனதுல இருந்து நீ தப்பான கட்சிக்கு ஓட்டு போடறேன்னுதான் நான் நினைக்கிறேன். ஒரு தடவையாவது உன் கையைப் புடிச்சு மாத்தினேனா?”

“இல்லை.”

“கடைக்காரங்ககிட்டெல்லாம் பெருமையா சொன்னேனே. நீ ரொட்டியோட நின்னியே பக்கத்துல.”

“ஆமாம்.”

“டிலிஸ்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.”

கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தோல்களை நான் பொறுக்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

தேநீர் அவளுக்கு மட்டும் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

குளத்தை மூடத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. செப்டம்பரில் கடைசி நாள். டிலிஸிடம் இன்னும் சொல்லவில்லை. தெருவில் அவளைப் பார்த்தால் தபால் நிலையத்துக்குள் நுழைந்துவிடுகிறேன். வீட்டில் தபால்தலை நிறையச் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

குளத்தின் கடைசி நாள். ஊரே தண்ணீருக்குள் இருந்தது. கறிக்கடைக்காரருக்கு இவ்வளவு பெரிய வயிறு என்று இன்றுதான் தெரிந்தது. நான் ஓரத்தில் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோவீனா கரைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

டிலிஸ் ஏறி வந்து துண்டு கேட்டாள்.

“டிலிஸ், அந்த ஒரு ஓட்டு...”

“ஐயோ, நீயுமா? போய் வரிசையில நில்லுப்பா. பாதி ஊரு வந்து மன்னிப்பு கேட்டாச்சு. பாதிரியார்கூட வந்தாரு. ஊரே அவர்கிட்ட போய் பாவத்தைச் சொல்லுது, அவரு எங்கிட்ட வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரு.”

“நான் மறக்கலை. ரோவீனாவோட ஓட்டை நான் மஞ்சளுக்குப் போட்டுட்டேன்.”

துண்டு அவள் கழுத்தில் அப்படியே நின்றது. பின்னால் குழந்தைகள் தண்ணீரில் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் படத்தைப் பார்த்தா போட்டே? நீயே வரைஞ்சியே, அதையா?”

“அதைப் பார்த்துத்தான்.”

அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மழை பெய்யுதுன்னு டானரி சந்துல நான் ஓட்டு கேக்கப் போகலை. அதனாலதான் தோத்தேன், அதனாலதான் குளம் போச்சுன்னு நாலு மாசமா சரியா தூங்கலை, தெரியுமா?”

மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் கேட்டார்களே, அதில் நானும் ஒருவன் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

“இல்ல, ஹம்ஃப்ரி. மத்தவங்க தங்களோட ஓட்டை மறந்தாங்க. நீ அவளோட ஓட்டை ஞாபகமா எடுத்துட்டுப் போனே.”

கோபமாகச் சொல்லவில்லை. என் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்த மாதிரி சொன்னாள். துண்டை என் மடியிலேயே வைத்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். விசில் அடித்த பிறகும் அவளும் ரோவீனாவும் கடைசிவரை ஏறவில்லை.

அக்டோபர் 11, சனி

மே மாதம் ஜெயித்த நீலக் கட்சிக்காரர் பதவியை விட்டுவிட்டார். ஸ்பெயினில் வீடு வாங்கியிருக்கிறாராம். நீச்சல் குளத்தோடு. இடைத்தேர்தல் நவம்பரில். டிலிஸ் மறுபடி நிற்கிறாள். காலிக் குளத்தை விற்கவிடக் கூடாது என்று.

ட்ரெவர் படம் கேட்டார். எல்லாப் பட்டைக்கும் ஒரே அளவுகோலில், மே மாத எண்களை வைத்து வரைந்து கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்ப்பா, இது யாரோட துண்டறிக்கைக்கு?”

அதைப் பயன்படுத்தப் போவதில்லையாம். முதல்முறையாக என் கணக்கு ஒன்று நிராகரிக்கப்பட்டிருக்கிறது. காரணம், சரியாக இருந்ததுதான்.

நவம்பர் 8, சனி

இன்று ரோவீனாவின் பெயருக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து கனத்த உறை வந்தது. தபால் வாக்கு. எப்போது விண்ணப்பித்தாள் என்று தெரியாது. தேர்தலன்று அவள் ஊரில்தான் இருப்பாள். சாவடியும் அடுத்த தெருதான். நான் ஒன்றும் கேட்காமல் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து நிரப்பினாள். இடது கையை வளைத்துச் சீட்டை மறைத்துக்கொண்டாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்ப்பான் என்று விடைத்தாளை அப்படி மறைக்கும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பையனாக இருந்ததில்லை.

“ரொட்டி வாங்கப் போறேன். தபால் பெட்டி வழியாத்தான்,” என்றேன்.

“நானும் வர்றேன்.”

“மழை பெய்யுதே.”

“அதனால என்ன?”

ஒரே குடையில் போனோம். குடை என் கையில், உறை அவள் கோட்டுக்குள். பெட்டிக்குள் அது விழும் சத்தம் கேட்ட பிறகுதான் என் கையைக் கோத்துக்கொண்டாள்.