முன்பாரம் கொஞ்சம் இருக்கட்டும், பாவா

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியாக விட்டுப் போன பாவாவுக்கு,

உங்கள் மச்சினன் கோதண்டம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெள்ளைக்காரன் போய்விட்டான், ரேஷன் மட்டும் போகவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் என் லாரி இன்னும் பின்னால் கட்டிய கரி அடுப்பில்தான் ஓடுகிறது. நீங்கள் "அடுப்பக் கட்டிகினு ஓட்றான் பாரு" என்று சிரிப்பீர்களே, அதே லாரிதான்.

இந்தக் கடிதத்தை உங்கள் மகள் பச்சை உரக்கப் படிப்பாள், அக்கா கேட்பாள், வாசலில் நிற்கிறவர்களும் கேட்பார்கள். கேட்கட்டும். லாரி பெரிசா மாட்டு வண்டி பெரிசா என்று நாம் இரண்டு பேரும் எத்தனை பொங்கலுக்குக் கத்தியிருக்கிறோம்! அதில் நான் தோற்றுவிட்டேன். தோற்றதை நாலு பேர் அறியச் சொல்வதுதானே முறை?

முதலில் மனசில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்ணை மூடிய அந்த ஐப்பசியில் கொசஸ்தலை ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பள்ளிப்பட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரையில் நான் நின்றேன். அந்தக் கரையில், ஊருக்குள், நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். இரண்டு நாள் நின்றோம். மூன்றாம் நாள் காலையில் அக்கா எதிர்க்கரைக்கு வந்து ஒரு வெள்ளைத் துணியை ஆட்டினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அழுதது கூட எனக்குக் கேட்கவில்லை. மெட்ராஸ் வரைக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரைத் தாண்ட வழி தெரியவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை, பாவா.

இந்த வருஷம் பச்சை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். நாள் கணக்குப் பார்த்தால் ஐப்பசி. திருத்தணியில் என் வீட்டுக்கு அனுப்பிவிடு என்றேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள்.

"என் பொண்ண நீ கூட்டிகினு போவ. ஊர்ல இன்னும் நாலு பொண்ணுங்க புள்ளத்தாச்சியா கீதுங்களே, அதுங்கள எங்கடா வச்சிப்ப? எனக்கு ஒரு படகு வேணும். மழைக்கு முன்னாடி வேணும்."

அக்கா கேட்டுவிட்டால் அப்புறம் பேச்சு ஏது? பழவேற்காட்டில் ஒரு பழைய படகு கிடைத்தது. பலகை கெட்டி, பின்புறம் நல்ல அகலம். பட்டாளத்தில் கழித்துப்போட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று என் முதலாளியிடம் இருந்தது. லாரி நிறைய உப்பு மூட்டை, அதன் வாலில் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். யாரையும் நம்பி விடமாட்டாளாம்.

படகை எப்படி ஏற்றினேன் தெரியுமா? சக்கரத்துக்கு நேர் மேலே, நட்டநடுவில். முன்னாலும் பின்னாலும் சரிபாதி. பார்க்கத் தராசு மாதிரி அழகாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் கிருத்திகை. திருவள்ளூர் தாண்டியதும் சாலை முழுக்கக் காவடி. திருத்தணி பார்த்து ஒரு படகு போவதைக் கண்டதும் ஜனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது, முருகன் தெப்பத்துக்குப் படகு போகிறது என்று. ஒரு ஊரில் கரிக்கு நிறுத்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் படகில் இரண்டு பூசணிக்காய். ஒரு அம்மா வாழைத்தாரோடு ஓடி வந்தாள்.

அக்கா இறங்கிப் போய்ச் சொன்னாள். "இது சாமி படகு இல்லம்மா. எங்க ஊரு ஆத்துக்கு எடுத்துகினு போறோம்."

"ஆங், ஆங், வெளிய சொல்லக் கூடாதுன்னு வேண்டிகினு போறீங்க. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தாரைப் படகில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்களை ஒருவரும் நம்பவில்லை. எங்களுக்கு முன்னால் செய்தி ஓடியது. வழி நெடுக நிறுத்தினார்கள். நெல் மூட்டை, தேங்காய், வெல்லம், ஒரு வீட்டில் புது மணை. முன்பக்கம் லாரி மறைத்துக்கொண்டு நின்றது, கரி அடுப்பின் அனல் வேறு. அதனால் எல்லோரும் கைக்கு எட்டிய பின்பக்கத்திலேயே வைத்தார்கள். நானும் விட்டுவிட்டேன். சாமிக்கு வைக்கிறதை எடுத்துப்போடச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்புறம் ஒரு இறக்கம் வந்தது. லாரி கொஞ்சம் வேகம் பிடித்ததும் பின்னால் யாரோ வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. டிரெய்லர் இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு. பிரேக்கில் காலை வைத்தேன், வீச்சு இன்னும் பெரிசாயிற்று. படகு புளியமரத்தில் மோதிப் பிளப்பது கண்ணுக்குத் தெரிந்தே விட்டது. "பிரேக்க விட்றா!" என்று அக்காதான் கத்தினாள். காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக ஓய்ந்து நிற்கும் வரைக்கும் விட்டேன். நின்றது.

இறங்கிப் போய், லாரியோடு டிரெய்லரைப் பூட்டுகிற கொண்டியைப் பார்த்தேன். டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்கால் லாரியை மேலே தூக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. பொதட்டூர்பேட்டைக்கு உங்கள் வண்டியில் நூல் மூட்டை ஏற்றும்போது நீங்கள் சொல்வது.

"பின்பாரம் ஆச்சின்னா நுகத்தடி மேல கிளம்பும் மச்சான். பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையப் பிடிக்கும். முன்பாரம் ஜாஸ்தியாச்சின்னா கழுத்து புண்ணாப் பூடும். கொஞ்சமா முன்பாரம் இருக்கணும், அதான் கணக்கு."

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "லாரிக்கு ஏது பாவா தொண்டை?" என்றேன். இருக்கிறது பாவா. லாரிக்கும் தொண்டை இருக்கிறது.

காவடிக்காரர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். கயிற்றை அவிழ்த்துப் படகை ஒரு முழம் முன்னால் நகர்த்தினோம். நெல்லையும் பூசணியையும் முன்னால் கொண்டுபோய்க் குவித்தேன். கொண்டியைக் கழற்றி ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. முன்பாரம் ஜாஸ்தி, லாரியின் கழுத்து புண்ணாகிவிடும். ஒரு நெல் மூட்டையைப் பின்னால் தள்ளினேன். இப்போது ஒரு கையில் வந்துவிட்டது. அதுவும் தப்பு. தேங்காயை முன்னால், வெல்லத்தை நடுவில் என்று மாற்றி மாற்றி வைத்தேன். சாலையோரம் எங்களைச் சுற்றி ஒரு திருவிழாவே கூடிவிட்டது. கடைசியில் ஏர்க்கால் மேலே வந்தது, ஆனால் என் வாயிலிருந்து "ம்ம்" என்று ஒரு முனகலோடு வந்தது.

"போதும்டா," என்றாள் அக்கா. "உங்க பாவா இப்டித்தான் மொனகுவாரு. வண்டி சரியாக் கீது." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரிப் புகை என்றாள்.

படகை மறுபடி இறுக்கிக் கட்டி, காய், மூட்டை ஒன்றும் உருளாதபடி அதற்கும் தனிக் கயிறு போட்டேன். அங்கிருந்து திருத்தணி வரைக்கும் டிரெய்லர் புதுமருமகள் மாதிரி அடக்கமாக வந்தது. அடுத்த ஊர்களிலும் நிறுத்தினார்கள். நானே இறங்கி நின்று, "பூசணிக்கா முன்னால வைம்மா, அரிசி அதும் பின்னால" என்று வாங்கி வைத்தேன். ஒவ்வொரு முறையும் கொண்டியைக் கழற்றி முனகிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். நீங்கள் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் நிறுத்தச் சொன்னாள். "இவ்ளோ பேரு சாமி படகுன்னு சொல்லிட்டாங்க. அவங்கள பொய்யாக்கக் கூடாதுடா." படகுக்குக் கற்பூரம் காட்டினோம். வைத்த பொருளையெல்லாம் அத்தனை படியும் சுமந்து கொண்டுபோய் மேலே சேர்த்தேன். என் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை. ஒரே ஒரு பூசணிக்காயை மட்டும் அக்கா பிரசாதமாகக் கேட்டு வாங்கி வந்தாள்.

ஐப்பசி வந்தது. ஆறும் வந்தது. கரைக்குக் கரை வடம் கட்டி வைத்திருந்தோம். பச்சைக்கு வலி எடுத்த அன்று காலையில், மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைப் படகில் ஏற்றினேன். கனத்த உடம்பு. ஏறியதும் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் முன்னால நகருங்க."

"எனக்கு இங்கியே வசதியாக் கீதுப்பா."

"படகுக்கு வசதியா இல்லம்மா," என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். வடத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தேன். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம்தான், பாவா. அன்றைக்கு இரண்டு நாள் நின்று பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் அவ்வளவுதான் இருந்தது. இறங்கியபோது சந்தோஷமாகவும் இருந்தது, உங்களை நினைத்துத் தாங்கவும் முடியவில்லை.

இந்த முறை நான் அந்தக் கரையில் நின்றேன். யாரும் எனக்குத் துணி ஆட்டவில்லை. குழந்தை அழுததை என் காதாலேயே கேட்டேன். பையன். உங்கள் பேரைத்தான் வைத்திருக்கிறோம். தொண்டை மட்டும் என்னைப் போல, அப்படிக் கத்துகிறான்.

சித்திரைக்குச் சித்திரை படகுக்குத் தார் பூசுவேன். ஆடி பிறந்ததும் வடத்தை முறுக்கிப் பார்ப்பேன். நான் இருக்கும்வரை இனி அந்தக் கரையில் யாரும் துணியை ஆட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். இது உங்கள் மேல் சத்தியம்.

தோற்றதற்குச் சந்தோஷப்படும்,
உங்கள் மச்சினன், உங்கள் பேரனுக்குத் தாத்தா முறைக்காரன்,
கோதண்டம்