ஃபகா தேடிப் போன வியாழக்கிழமை

ஜஹ்ரா, குவைத்
9.3.2004

அன்பு மகள் சங்கீதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறேன், இந்த வாரம் அதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை. நீயும் அப்பாவும் தம்பி விமலும் அங்கே அதேபோல் இருக்க நம் கருப்பர் துணை நிற்கட்டும். உன் போட்டோ வந்தது. நர்ஸ் உடுப்பில் அழகாக இருக்கிறாய், ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது. நைட் டூட்டி முடிந்ததும் அப்படியே படுத்துவிடாதே, இரண்டு இட்லியாவது வயிற்றுக்குள் போகட்டும். விமல் பைக் கேட்டால் வேலை நிரந்தரமாகட்டும் என்று சொல். போன வியாழக்கிழமை சாயங்காலம் போனில் என் குரல் கம்மியிருந்ததற்கு ஜலதோஷமா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். அது பொய் மகளே. நடந்ததை எழுதுகிறேன், பதறாமல் படி.

இந்த வருஷம் இங்கே நல்ல மழை. மழைக்குப் பிறகு மாசி, பங்குனியில் பாலைவனத்தில் ஒரு காளான் கிடைக்கும், ஃபகா என்பார்கள். நம் புற்றுக்காளான் மாதிரி குடை விரித்து நிற்காது, உருளைக்கிழங்கு போல மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேல்மண் லேசாக உப்பி, வெந்த பணியாரம் போல வெடித்திருந்தால் அதன் கீழே இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். மேடம், பிள்ளைகள், நான், டிரைவர் கலீலுர் ரஹ்மான் எல்லோரும் காலையிலேயே ஆளுக்கொரு குச்சியோடு கிளம்பினோம். எங்கே பார்த்தாலும் பொடிப்பொடியாகப் பச்சை, மஞ்சள் பூ. இத்தனை வருஷத்தில் இந்த ஊர் இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஏழு எடுத்துவிட்டேன். மேடம் ஜைன் ஜைன், நல்லது நல்லது என்று முதுகில் தட்டினார்கள். அந்தப் பெருமையில் ஒரு மேட்டைத் தாண்டித் தனியாகப் போய்விட்டேன்.

அங்கே நல்ல பெரிய வெடிப்பு ஒன்று. மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினேன். விரலில் இரும்பு தட்டியது. பழைய டப்பா, இதன் கீழே காளான் இருக்கும் என்று நினைத்து விளிம்பைப் பிடிக்கப் போனேன். அப்போது மேட்டின் மேலிருந்து, “அக்கா, தொடாதீங்க! அசையாம இருங்க!” என்று கலீல் கத்தினார். நான் அவரோடு தீபாவளியிலிருந்து பேசுவதில்லை, உனக்கு எழுதியிருந்தேனே. வீட்டுப் போனில் நான் கேட்காமல் உன்னோடு பேசியதை மேடத்திடம் சொல்லிப் போனுக்குப் பூட்டுப் போட வைத்தவர். டீயைக்கூட ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். இவன் யார் எனக்கு உத்தரவு போட என்று மறுபடியும் கையை நீட்டினேன் மகளே. உடனே அவர், “சங்கீதா மேல ஆணையா சொல்றேன், தொடாதீங்கக்கா, அது குண்டு!” என்றார். உன் பேரைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

ஈராக்கோடு நடந்த சண்டைக் காலத்தில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டாம். மண் மூடிக் கிடந்ததை மழை மேலே கொண்டுவந்திருக்கிறது. வந்த காலடித் தடத்திலேயே மிதித்துத் திரும்பி வரச் சொன்னார். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. அவர் அங்கேயே நின்று போலீஸுக்குப் போன் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யவில்லை. ஈர மண்ணில் பதிந்திருந்த என் தடத்திலேயே ஒவ்வொரு அடியாக வைத்து என்னிடம் வந்தார். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். “கீழ பாத்து வாங்கக்கா, என் காலு வச்ச எடத்துலயே வைங்க” என்று சொல்லிச் சொல்லி, மேடு ஏறும்வரை என் கையை விடவில்லை. அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது. பிறகு போலீஸ் வந்து கயிறு கட்டி மதியம் அதை வெடிக்க வைத்தார்கள். தூரத்தில் மண் பனைமர உயரம் எழும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். வந்த புதிதில் ரூமில் கூட இருந்த ஈசா என்பவர் இதே காளானுக்குப் போய் வலது கையை இழந்தாராம். என்னைத் தனியாகப் போகவிட்டோமே என்று பின்னாலேயே வந்திருக்கிறார். போன் விஷயத்தையும் அவரே எடுத்தார். “நாந்தாங்கக்கா சொன்னேன். பில்லப் பாத்துட்டு என்னையத்தான் சந்தேகப்பட்டாங்க. வேல போயிருமோன்னு பயந்துட்டேன்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியாததா? தம்பி, உட்கார்ந்து சாப்பிடு என்றேன். நான் எடுத்த காளானை மண் போகக் கழுவி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, சோற்றோடு இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஈரல் மாதிரி இருந்தது. சாயங்காலம் மேடமே என்னைக் கட்டிப்பிடித்து, பூட்டைத் திறந்து உன் நம்பரைப் போடச் சொன்னார்கள். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், நான் லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

பெற்ற வயிறு குளிர, நோய் நொடி இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருங்கள். ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். கலீலின் மனைவி ஜுலைஹா பீவிக்கு இது எட்டாம் மாசம். வருகிற பதினெட்டாம் தேதி தொண்டியிலிருந்து மதுரைக்கு டாக்டரிடம் காட்ட வருகிறாள், துணைக்கு ஆளில்லை. நீ டூட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய் அழைத்துக்கொள். யார் என்று கேட்டால் நர்ஸ் என்று சொல்லாதே. தாய்மாமன் மனைவி உனக்கு என்ன முறையோ, அப்படி வாய் நிறைய அத்தை என்று கூப்பிடு.

இப்படிக்கு
உன் அம்மா
சரசு